சோகையை மண்ணில் மடக்கினேன், சோளம் மஞ்சளாய்ப் போனது

2022 மாசி மாதம். திருக்கோவிலூர்ப் பக்கம் எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம், ஏக்கர் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு. வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி தழைக்கும் மறுதாம்புக் கரும்பு, அதன் மூன்றாவது வெட்டை முடித்து ஆலைக்கு அனுப்பியாயிற்று. கொல்லை முழுக்க முழங்கால் உயரத்துக்குச் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, கிடந்தது. அப்பா வழக்கம்போல, "சாயங்காலம் காத்து அடங்கினதும் கொளுத்திட்டு, நாளைக்கு ஏர் ஓட்டிடு" என்றார். நான் மாட்டேன் என்றேன். சென்னையில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். திரும்பி வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வேகம் இருக்குமே, அது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்து, சோகையில் ஒரு துளிகூட வீணாக்கக் கூடாது, எல்லாவற்றையும் கிருமிகளை விட்டு மக்க வைத்து மண்ணுக்கே கொடுக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. அதைச் செய்த விதத்தில்தான் ஒரு போகத்தையும் கையிலிருந்த பணத்தையும் விட்டேன். யாராவது ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

சோகையைத் தூளாக்க டிராக்டரில் மாட்டும் இயந்திரம் வாடகைக்கு வந்தது, நாலு மணி நேரம், 5,600 ரூபாய். அதே வாரம் ஒரு கம்பெனி ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். நல்ல பேச்சுக்காரர், அப்பாவை "ஐயா" என்றும் என்னை "தம்பி" என்றும் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். ஒரு லிட்டர் பாட்டில் 1,200 ரூபாய், ஏக்கருக்கு மூன்று பாட்டில். "இதுல இருக்கிற பாக்டீரியா பத்து நாள்ல சோகைய மண்ணாக்கிடும் தம்பி. ஆனா யூரியா மட்டும் போட்டுடாதீங்க, கிருமி செத்துடும்" என்றார். ஆறு பாட்டில் 7,200 ரூபாய். இருநூறு லிட்டர் நீல டிரம்மில் வெல்லம் கரைத்து, பாட்டிலை ஊற்றி, ஒரு வாரம் காலையும் மாலையும் குச்சியால் கலக்கி, பாசன நீரோடு விட்டேன். ரோட்டாவேட்டர் ஓட்டி சோகையை மண்ணோடு சேர்த்து மடக்கினேன். சரியாகப் பன்னிரண்டாம் நாள் மக்காச்சோளம் ஊன்றினேன். அன்றைக்கு மண்ணைக் கிளறியபோது தூளாக்கிய சோகை அப்படியே தங்க நிறத்தில் மின்னியது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "மேல இருக்கிறதுதான் அப்படி, உள்ள மக்கியிருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முளைப்பு அருமையாக இருந்தது. பதினைந்து நாள் வரை தெருவில் போகிற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டாத குறை. இருபதாம் நாள் வாக்கில் அடி இலைகளின் நுனியில் ஒரு வெளிர் மஞ்சள். அது நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக உள்ளே இறங்கி, இலையின் நடுவில் 'வி' எழுத்தைப் படுக்கவைத்த மாதிரி நின்றது. ஓரங்கள் மட்டும் பச்சை. முப்பதாம் நாள் அடியில் நாலு இலை காய்ந்து தொங்கியது. பக்கத்துக் கொல்லையில் சோகையை எரித்துவிட்டு விதைத்தவர் சோளம் இடுப்புக்கு வந்திருந்தபோது என்னுடையது முழங்கால்கூட எட்டவில்லை. ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். "கிருமி பத்தல, இன்னும் ரெண்டு பாட்டில் விடுங்க" என்றார். விட்டிருப்பேன், கையில் காசு இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். காலையில் கொல்லைக்குப் போவதை நிறுத்திவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார்.

வேளாண்மைத் துறையில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர், அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். அவரை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். இலையை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். களைக்கொட்டை வாங்கி வேர்ப் பக்கம் ஒரு சாண் தோண்டி, கை நிறைய மண்ணை எடுத்துக் காட்டினார். சோகைத் துண்டுகளின்மேல் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. "கிருமியெல்லாம் நல்லா உயிரோடதான் இருக்கு மாப்ள. நீ அவனுங்களுக்கு அண்டா அண்டாவா சோறு போட்டுட்ட, குழம்பு ஊத்தல. அதான் பயிரோட தட்டுல கைய வைக்கிறானுங்க" என்றார்.

அப்புறம் அவர் வரப்பில் உட்கார்ந்து சொன்ன கணக்கு இது. நுண்ணுயிரின் உடம்பில் எட்டுப் பங்கு கரிமத்துக்கு (கார்பன்) ஒரு பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அது தின்னும் கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கு மூச்சாகக் காற்றில் போய்விடும், ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும். ஆக அதன் சாப்பாட்டில் 24 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்தாவது இருக்க வேண்டும். கரும்புச் சோகையில் நூறு பங்குக்கு ஒன்று தேறினாலே பெரிது. நெல் வைக்கோலில் எழுபது, எண்பதுக்கு ஒன்று. தென்னை நார்க்கழிவு நூறையும் தாண்டும். பற்றாக்குறைக்கு அவை எங்கே போகும்? மண்ணில் இருக்கிற தழைச்சத்தைத்தான் உறிஞ்சும். வேரைவிட அவற்றுக்குக் கை நீளம். அவை தின்று முடித்துச் சாகும்போதுதான் அந்தச் சத்து திரும்ப மண்ணுக்கு வரும், அதற்கு மாதக்கணக்காகும். சோளத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்கப் பொழுது இல்லை. பாட்டிலில் இருந்தது நல்ல கிருமி என்றே வைத்துக்கொண்டாலும் கூடுதலாக ஊற்ற ஊற்றப் பயிருக்கு நெருக்கடிதான் கூடும்.

அன்று மாலையே யூரியா போட்டேன். பத்து நாளில் புது இலைகள் பச்சை கட்டின, ஆனால் கதிர் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பயிர் அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தது. செலவுக் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். சோகை தூளாக்க 5,600, உழவு 3,600, பாட்டில் 7,200, வெல்லமும் டிரம்மும் 2,900, விதை 7,000, ஊன்றவும் களை எடுக்கவும் கூலி 14,000, படைப்புழுவுக்கு மருந்து 4,500, அறுவடைக்கு 6,000. மொத்தம் 50,800. வந்தது இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து 17 குவிண்டால், குவிண்டால் 2,100 என்று 35,700 ரூபாய். கைநஷ்டம் 15,100தான் என்று கணக்கு சொல்லும். ஐம்பது குவிண்டால் எடுத்திருக்க வேண்டிய நிலத்தில் வராமல் போன வருமானம் எழுபதாயிரத்தை ஒட்டி. எரித்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஊரில் பேசியபோது பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சோகை, வைக்கோல் மாதிரிக் காய்ந்த கழிவை மக்க வைக்காமல் மண்ணுக்குள் மடக்கினால், அடுத்த விதைப்புக்கு ஆறு முதல் எட்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், மண்ணில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மடக்கும்போதே சாணமோ கொஞ்சம் யூரியாவோ சேர்த்துக் கொடுங்கள். அளவாகப் போட்ட யூரியாவில் கிருமி சாகாது, அதுவும் அவற்றுக்குத் தீனிதான். அவ்வளவு நாள் நிலத்தைச் சும்மா போட முடியாது என்றால் மடக்கவே வேண்டாம், வெளியே குவித்து மக்க வைத்து எடுத்து வாருங்கள். மறுதாம்பு விடப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். கரும்பு வரிசைகளுக்கு நடுவே உள்ள சாலில், ஒன்று விட்டு ஒன்றில் சோகையைப் பரப்பி மேலேயே கிடக்கவிட்டால் போதும். மண்ணின் மேல்பரப்பில் மக்குவது வேர் மட்டத்துத் தழைச்சத்தை அவ்வளவாகப் பிடுங்காது, ஈரமும் நிற்கும், களையும் குறையும். நெல் வயலில் இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வைக்கோலை மடக்கித் தண்ணீர் கட்டி உடனே நட்டால் காற்று இல்லாத சேற்றில் அது புளித்து, அழுகிய முட்டை நாற்றம் வந்து, வேர் கறுத்துப்போகும்.

பாட்டில் சமாச்சாரத்துக்கு வருகிறேன். காலி பாட்டிலை ஒருநாள் நிதானமாகத் திருப்பிப் பார்த்தேன். இயற்கைக் காட்சி, பசுமாடு, நாலு மொழியில் வாழ்த்து எல்லாம் இருந்தது. என்ன பாக்டீரியா, ஒரு மில்லிக்கு எத்தனை, எப்போது தயாரித்தது, எப்போது காலாவதி, இதில் ஒன்றுகூட இல்லை. உயிர் உரங்கள் 2006லிருந்தே உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. தூள் வடிவில் இருந்தால் ஒரு கிராமுக்கு ஐந்து கோடி, திரவமாக இருந்தால் ஒரு மில்லிக்குப் பத்துக் கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்று அளவே இருக்கிறது. வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் (காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பது), பாஸ்போபாக்டீரியா (மண்ணின் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது) பொட்டலங்களில் தேதி அச்சிட்டிருக்கும். விலையும் அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வராது. தேதி பார்த்து வாங்குங்கள், தூள் பொட்டலம் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. நான் செய்த இன்னொரு கூத்து, அப்படி வாங்கிய பொட்டலங்களைப் பம்ப்செட் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் ஒரு மாதம் வைத்திருந்தது. உயிருள்ள பொருள் என்று தெரிந்துகொண்டே ஆணிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதோடு, கடையில் வாங்கும் வீரியச் சோள விதை பூச்சிமருந்தும் பூஞ்சைமருந்தும் பூசி நிறம் ஏற்றித்தான் வருகிறது. அதன்மேல் கஞ்சி கலந்து பாக்டீரியாவைத் தடவுவதில் பிரயோசனம் குறைவு, மண்ணில் இடுவதே நல்லது.

2023 தை மாதம் பக்கத்துக் கொல்லைக்காரர் கரும்பு வெட்டினார். "எரிக்கப் போறேன், வேணும்னா வாரிக்கோ" என்றார். மூன்று டன் சோகை தேறும், ஏற்றி இறக்க மட்டும் 3,000 ரூபாய். குவித்து மக்க வைப்பது சுலபம் என்று நினைத்துத்தான் இறங்கினேன், அதிலும் இரண்டு முறை தோற்றேன். முதல் குவியலில் சோகையை நறுக்காமல் அப்படியே போட்டுவிட்டேன். சோகை இலையின்மேல் ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வழுக்கிக்கொண்டு கீழே ஓடிவிடும். நாற்பது நாள் கழித்துப் பிரித்தால் மேலே நனைந்திருந்தது, உள்ளே வெட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே காய்ந்து கிடந்தது. ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதே சோகையை நறுக்கி, சாணிக் கரைசலை ஏகத்துக்கும் ஊற்றி, தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினேன், அது இரண்டாவது தடவை. பத்து நாளில் சாக்கடை நாற்றம், ஈ மொய்த்தது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார். காற்று போகாத இடத்தில் வேறு வகைக் கிருமிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. எல்லாவற்றையும் பிரித்து உலர்த்தி மறுபடி அடுக்கினேன். இதில் மட்டும் மூன்று மாதம் போனது.

மூன்றாவதாக அடுக்கியதுதான் தேறியது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விரல் நீளத்துக்கு நறுக்கிய சோகை ஒரு முழ உயரம், அதன்மேல் சாணிக் கரைசல், ஒரு கூடைப் பழைய குப்பை எரு, கொஞ்சம் யூரியா, பிறகு மறுபடி சோகை. இப்படி இடுப்பளவு உயரம், ஆறடி அகலம், நீளம் எவ்வளவு வேண்டுமானாலும். யூரியா மொத்தத்தில் டன்னுக்கு ஐந்து கிலோ கணக்கு. தழைச்சத்து நிறைந்த கிளைரிசிடியா மரத்தழை கிடைத்தால் யூரியாவை அந்த அளவுக்குக் குறைக்கலாம். பாட்டில் எதுவும் வாங்கவில்லை. பழைய எருவிலேயே கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவைதான் உறை மோர். ஈரம் எவ்வளவு என்பதற்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும், ஒழுகினால் அதிகம், கையே நனையாவிட்டால் குறைவு. மூன்றாம் நாள் அதிகாலை குவியலின் உச்சியில் ஆவி பறந்தது. பழைய கடப்பாரை ஒன்றை நடுவில் குத்தி, பல் துலக்கி முடிக்கும் நேரம் விட்டு உருவிப் பிடித்தேன். கையில் வைத்திருக்க முடியவில்லை, உதறிவிட்டேன். உள்ளே அறுபது டிகிரி வரை போகுமாம், அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க்கிருமியும் வெந்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை புரட்டினோம். முதல் புரட்டலில் உள்ளே சாம்பல் தூவிய மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருந்தது, கெட்டுவிட்டது என்று பயந்து மாமாவுக்குப் படம் அனுப்பினேன். அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற நல்ல பாக்டீரியா கூட்டம், முதல் மழைக்கு எழும் மண்வாசனை அதன் உபயம்தான் என்றார். தொண்ணூறாவது நாள் புரட்டும்போது கடப்பாரை சூடாகவில்லை, குவியல் மூன்றில் ஒரு பங்காக அமுங்கியிருந்தது, கையில் எடுத்தால் காப்பித்தூள் நிறத்தில் அந்த வாசனை.

மூன்று டன் சோகையிலிருந்து கிடைத்த எரு ஒன்றேகால் டன்தான். ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் போடச் சொல்கிறார்கள். நறுக்க, புரட்ட ஆள் கூலி வைத்தால் கட்டுப்படியாகாது, நாமே செய்தால்தான் உண்டு. இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. அதனால் நிலம் முழுக்கப் பரப்பும் ஆசையை விட்டுவிட்டு, அரை ஏக்கரில் மட்டும் சாலில் விழும்படி இட்டேன். அசோஸ்பைரில்லத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் ஒரு மூட்டை எருவில் பிசறி, வேப்பமர நிழலில் ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் மூடி வைத்து, அதையும் சாலில் தூவினேன். தழைச்சத்து உரம் வழக்கத்தில் முக்கால் பங்கு கொடுத்தேன், முழுக்க நிறுத்தவில்லை. ஆவணியில் ஊன்றிய சோளம் அந்த அரை ஏக்கரில் 13 குவிண்டால் வந்தது. எரு இடாத மீதி நிலத்தில் உரம் முழுசாகக் கொடுத்தும் ஏக்கருக்கு 23 குவிண்டால்தான். அந்த வருடம் மழையும் சரியாக அமைந்தது, அதனால் எல்லாப் பெருமையையும் எருவுக்கே கொடுக்க மாட்டேன். மண் பரிசோதனையில் 2022ல் கரிமச்சத்து 0.38 சதவீதம், எரு போட்ட பகுதியில் 2024ல் 0.46. அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்றுதான் மண் பரிசோதனை அட்டையில் அச்சாகிறது, இன்னும் அப்படித்தான் அச்சாகி வந்தது. மண்வெட்டி இறங்கும் விதத்தில் மட்டும் வித்தியாசம் தெரிகிறது.

இந்த வருடக் குவியலை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். அரிசி கழுவிய தண்ணீரை அப்பா அதன்மேல் ஊற்றுவதை இரண்டு மூன்று முறை பார்த்தேன், கேட்டால் "கீழ ஊத்தினா சேறாவுது" என்பார். போன வாரம் உளுந்து விதைக்க அவசரப்பட்டு எருவை அள்ளக் கூடையோடு போனேன். கடப்பாரையை உருவி என் கையில் கொடுத்தார். இன்னும் சூடு இருந்தது. கூடையைத் திரும்பக் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தேன்.